சேலத்துப் பெண்களின் மார்பகத் திசு பிளாக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்துக்கும், சேலம் மாவட்டத்தில் அரசு, தனியார் என்று எங்கே இருந்தாலும் நோய்க்குறியியல் ஆய்வகம் நடத்தும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சேலத்தில் திசு ஆய்வகங்களில் நுட்பனராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து (அந்த மெழுகுக் கட்டியைத்தான் பிளாக் என்போம்), மைக்ரோடோம் என்ற கருவியில் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக மருத்துவரின் மேசையில் வைப்பது என் வேலை. நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களைப் பார்ப்பதில்லை. பெயர், வயது, இடது மார்பா வலது மார்பா என்று எழுதிய சீட்டு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அந்தச் சீட்டில் 34, 38, 41 என்று வயதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் மார்பகத்திலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு திசுவின் மெழுகு பிளாக்கையும், சாதாரணக் கட்டி என்று முடிவு வந்திருந்தாலும் சரி, புற்று என்று வந்திருந்தாலும் சரி, கெட்டுப்போக விடாமல், யாருடையது எப்போது எடுத்தது என்ற பதிவோடு நீண்ட காலம் காப்பாற்றி வைக்க வேண்டும். இதற்கு ஓர் அரசாணை, ஒரு நல்ல அறை, பொறுப்பெடுத்துக்கொள்ளும் சில ஆட்கள் போதும். இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்பகப் புற்று, கட்டி கைக்குத் தட்டுப்படும் நாளில் தொடங்குவதில்லை. பால் சுரக்கும் நுண்ணறைகளிலும் பால் வரும் குழாய்களிலும் உள்வரிசையாக நிற்கும் செல்கள் முதலில் அளவுக்கு மீறிப் பெருகும். அப்புறம் சிலருக்கு அந்தச் செல்களின் வடிவமும் ஒழுங்கும் மாறும். இன்னும் சிலருக்கு குழாய் முழுவதும் புற்றுச் செல்கள் நிறைந்துவிடும், ஆனால் குழாயின் சுவரைத் தாண்டியிருக்காது. இதை டி.சி.ஐ.எஸ். என்றும் பூஜ்ய நிலை என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சுவரை உடைத்து வெளியே வந்த பிறகுதான் பரவும் புற்று. எல்லாப் பெண்களுக்கும் இந்தப் படிகள் வரிசையாக நடக்கும் என்று இல்லை. பலருக்கு முதல் படியிலேயே வாழ்நாள் முழுக்க நின்றுவிடும். யாருக்கு நிற்கும், யாருக்கு ஓடும் என்பதுதான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் விடை.

அந்த விடையின் ஒரு பகுதி டி.என்.ஏ. மெத்திலேற்றத்தில் இருக்கிறது. என் அப்பா அம்மாப்பேட்டையில் பட்டு நெய்தவர், அதனால் எனக்கு இது தறியை வைத்துத்தான் புரிந்தது. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் இழை மேலே தூக்கும், பூ விழும். ஓர் ஓட்டையின் மேல் துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால் அட்டை கிழியவில்லை, அடித்த ஓட்டையும் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் இழை தூக்காது, பூ வராது. செல்லிலும் மரபணுவின் எழுத்து மாறாமலேயே இப்படி நடக்கிறது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் என்ற சின்னக் கூறு, டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மரபணு வேலையைத் தொடங்கும் இடத்தில் இது கூட்டமாக ஒட்டினால் அந்த மரபணு பேசாமல் போய்விடும். செல் இரண்டாகப் பிரியும்போது, எங்கெங்கே ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் புதுச் செல்லிலும் ஒட்டிவைக்க டி.என்.எம்.டி.1 என்ற நொதி இருக்கிறது. அதனால் ஒரு செல்லில் விழுந்த மாற்றம் அதன் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

இது இயல்பான உடம்பிலும் நடக்கிற வேலைதான். கல்லீரல் செல் கல்லீரலாகவும், மார்புச் செல் மார்பாகவும் இருப்பதற்கு இந்த ஒட்டல்களும் ஒரு காரணம். புற்று வரும்போது இது தாறுமாறாகிறது. ஒட்டியிருக்க வேண்டிய பெரும்பரப்பில் உதிர்ந்துவிடுகிறது, சுத்தமாக இருக்க வேண்டிய மரபணுத் தொடக்கங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுச் செல்லில் மெத்தில் குறைந்திருப்பதை 1983லேயே ஆண்ட்ரூ ஃபைன்பர்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் காட்டினார்கள். அதற்குப் பின் மார்பகப் புற்றில் இப்படி வாயடைக்கப்பட்ட மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1ஏ என்பது செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் மரபணு. மார்பகப் புற்றுக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது மெத்திலால் மூடப்பட்டிருக்கிறது. பரவும் புற்றில் மட்டுமல்ல, பூஜ்ய நிலையிலும், அதற்கு முந்தைய செல் பெருக்கத்திலும்கூட அந்த மூடல் தெரிகிறது. இயல்பான திசுவிலிருந்து பூஜ்ய நிலைக்குப் போகும்போதுதான் மெத்திலேற்றத்தில் பெரிய பாய்ச்சல் நடக்கிறது என்றும், அங்கிருந்து பரவும் புற்றாவதற்குள் வரும் மாற்றம் அதைவிடக் குறைவு என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது பெரும்பாலான சேதாரம், கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவைப் பற்றிப் பத்திரிகை படிக்கிறவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். பரம்பரையாக அதில் பிழை வந்தால் ஆபத்து என்று தெரியும். பரம்பரைப் பிழை எதுவும் இல்லாத பெண்ணுக்கும் அந்த மரபணு மெத்திலால் மூடப்பட்டுப் போகலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2022ல் நார்வேயின் பெர் லோனிங் குழு, அமெரிக்காவில் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்துச் சேமித்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, நலமாக இருந்த காலத்திலேயே ரத்தச் செல்களில் பி.ஆர்.சி.ஏ.1 மூடல் இருந்த பெண்களுக்குப் பின்னாளில் மும்மை எதிர்மறை மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்று வெளியிட்டது. ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டிரான், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும், அதாவது செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதங்களும், இல்லாத வகை அது. ஹார்மோன் மாத்திரையில் கட்டுப்படுத்த முடியாதது, இளம் வயதில் அதிகம் தாக்குவது. இந்தியாவில் மார்பகப் புற்று வரும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இந்த வகை என்று கணக்கிடுகிறார்கள். மேலைநாடுகளில் இது குறைவு. என் சீட்டுகளில் இருந்த அந்த வயதுகளை நினைக்கும்போது இந்த ஆய்வு எனக்கு வெறும் செய்தியாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அந்த ரத்தத்தை யாரோ எடுத்து, பெயர் எழுதி, கெடாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் பின்னாளில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது.

திசுவுக்கும் இதேதான். அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரின் மூன்று மருத்துவமனைகளில் பழைய மார்பகப் பயாப்ஸிகள் 10,000க்கு மேல் பாதுகாக்கப்பட்டிருந்தன. ‘புற்று இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் சதை அது. டூபாண்ட், பேஜ் என்ற இருவர் அந்த ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, அந்தப் பெண்களில் 3,000க்கு மேற்பட்டோர் பின்னாளில் எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போனார்கள். சராசரி 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு 1985ல் வெளியிட்டார்கள்: செல்கள் வெறுமனே பெருகியிருந்தால் ஆபத்து கொஞ்சம்தான் கூடுகிறது, வடிவம் கெட்டுப் பெருகியிருந்தால் நாலைந்து மடங்கு கூடுகிறது. இன்று சேலத்தில் ஒரு மருத்துவர் பயாப்ஸி அறிக்கையில் அந்த வரியைப் பார்த்து, ‘ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாங்கம்மா’ என்று சொல்கிறார் என்றால், அந்த அறிவு அங்கே யாரோ ஒரு நுட்பனர் ஒழுங்காக அடுக்கி வைத்த பெட்டிகளிலிருந்து வந்தது. அந்த நுட்பனரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

நம் ஊரில் பூஜ்ய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது குறைவு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கிறவர்களே குறைவு, அப்படியிருக்க ஆரம்ப நிலை மாற்றத்தை நம் பிளாக்குகளில் எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நுட்பனர்களுக்கு நன்றாகத் தெரிந்த விடை ஒன்று இருக்கிறது. மார்பை முழுவதுமாக எடுத்து அனுப்பும்போது கட்டியிலிருந்து மட்டும் சதை எடுப்பதில்லை. கட்டியின் ஓரம், அதைத் தாண்டிய பகுதி, காம்பு, தூரத்தில் நன்றாக இருப்பதாகத் தெரியும் பகுதி என்று பல இடங்களில் எடுத்துத் தனித்தனி பிளாக் போடுவோம். பல நேரம் பரவிய புற்றுக்குப் பக்கத்திலேயே பூஜ்ய நிலைக் குழாய்கள் இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி, பெருகத் தொடங்கிய செல்கள் இருக்கும். அதற்கும் அப்பால், கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் மெத்தில் மாற்றம் தொடங்கிவிட்ட செல்கள் இருக்கலாம். தாமதமாக வந்த ஒரு பெண்ணின் மார்பில் அந்த நோய் கடந்து வந்த பல படிகள் அடுத்தடுத்து நிற்கலாம். அதனால் நம் மாவட்டத்தின் பிளாக்குகள் ஆராய்ச்சிக்கு ஏழைப் பொருள் இல்லை. உலகத்தில் எந்த ஆய்வகமும் கேட்டு வாங்கும் பொருள்.

மெழுகில் பதித்த சதையில் மெத்திலைப் படிக்க முடியுமா என்றால், முடியும். 1992ல் ஆஸ்திரேலியாவில் மரியன் ஃப்ரோமர் குழு தந்த பைசல்ஃபைட் முறை அதற்கு அடிப்படை. டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால் மெத்தில் ஒட்டாத சைட்டோசின் வேறு எழுத்தாக மாறிவிடும், மெத்தில் ஒட்டியது மாறாமல் நிற்கும். அப்புறம் படித்துப் பார்த்தால் எங்கே ஒட்டியிருந்தது என்று தெரிந்துவிடும். மெத்தில் குறி உறுதியானது, பல ஆண்டுகள் மெழுகில் கிடந்தாலும் போகாது. உடைந்துபோவது டி.என்.ஏ.வின் இழைதான். அது எவ்வளவு உடைகிறது என்பது நாங்கள் ஃபார்மலினை எப்படிக் கையாண்டோம் என்பதைப் பொறுத்தது.

அந்த இடத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும்.

வெட்டியெடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு அளவு ஃபார்மலின் இருக்க வேண்டும். அது பஃபர், அதாவது அமிலமாகாமல் காக்கும் உப்புகள், சேர்த்த 10 சதவீத ஃபார்மலினாக இருக்க வேண்டும். வெறும் ஃபார்மலினைக் குழாய்த் தண்ணீரில் கலந்தால் நாளாக ஆக அமிலமாகி டி.என்.ஏ.வை அரித்துவிடும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். முழு மார்பாக இருந்தால் உள்ளே இறங்குவதற்காகத் துண்டு துண்டாகக் கீறிவிட வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் உள்ளே போகும். ஹார்மோன் ஏற்பிச் சோதனை சரியாக வருவதற்கும் இதே விதிகள்தான். ஆக, இது ஆராய்ச்சிக்காக மட்டும் கேட்கிற ஆடம்பரம் இல்லை. இன்றைக்குப் படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு எந்த மருந்து தருவது என்பதே இதில் இருக்கிறது.

நடப்பது என்ன? தாலுகா ஊர்களின் சிறிய மருத்துவமனைகளிலிருந்து சதையை நோயாளியின் உறவினர் கையில் கொடுத்து, ‘சேலத்துல இந்த லேப்ல குடுத்துருங்க’ என்று பஸ் ஏற்றிவிடுகிறார்கள். வாய் குறுகிய பாட்டிலில் பெரிய சதையைத் திணித்து வரும். எடுத்த நேரம் சீட்டில் இருக்காது. ஒரு தடவை ஒரு தம்பி, ‘பாட்டில்ல மருந்து கொறஞ்சிருந்துச்சு மேடம், அக்காவுக்குக் கெட்டுப்போயிரும்னு தண்ணி ஊத்தி நெறச்சேன்’ என்றான். அக்கா மேல் இருந்த பாசத்தில் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தச் சதையை அவன் கையில் கொடுத்து அனுப்பிய முறை தவறு, அதைத் திருத்த வேண்டியவர்கள் நீங்கள். ரத்த மாதிரிகளும் சளி மாதிரிகளும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டத்துக்கு முறையாக வந்து சேர ஏற்பாடு செய்ய முடிந்த துறை இது. திசுப் பாட்டிலுக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். அகன்ற வாய்ப் பாட்டில், முன்கூட்டியே நிரப்பிய பஃபர் ஃபார்மலின், எடுத்த நேரம், ஊறத் தொடங்கிய நேரம் எழுத இரண்டு கோடு. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம் பிளாக்கின் கதி. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் பழைய பிளாக்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. சேலத்துச் சித்திரை வெயிலில் மெழுகு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண் எழுதிய பக்கம் அழிந்துபோகும். கரப்பானும் எறும்பும் மெழுகுக்குள் இருக்கும் சதையைக் குடைந்து தின்றுவிடும். இதை வெளியாட்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் எந்த நுட்பனரைக் கேட்டாலும் சொல்வார். இடம் போதவில்லை என்று ஆண்டுக்கணக்கான பிளாக்குகளை ஒரே நாளில் மருத்துவக் கழிவு வண்டியில் ஏற்றியதையும் பார்த்திருக்கிறேன். விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்றார்கள். விதி சொல்லும் காலம், வழக்கு வந்தால் காட்டுவதற்கும் மறுபரிசோதனைக்கும் போதுமான காலம். 15, 20 ஆண்டுகள் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வருவதற்கு அது போதாது.

இன்னொரு வழியிலும் பிளாக் போகிறது. மேல் சிகிச்சைக்குச் சென்னை அடையாறுக்கோ வேலூருக்கோ கோவைக்கோ போகிறவர்களிடம் அங்கே ‘பிளாக் வாங்கிட்டு வாங்க’ என்று சொல்வார்கள். அது நோயாளியின் உரிமை, கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இருக்கும் எல்லா பிளாக்குகளையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டியின் சிறந்த பிளாக் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கொடுத்ததற்கும் திரும்பியதற்கும் ஒரு பேரேடு போடலாம். அதிலும் குறிப்பாக, கட்டிக்கு வெளியே எடுத்த ‘இயல்பு’ பிளாக்குகளை யாரும் கேட்பதில்லை, அதனால் முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். ஆரம்ப நிலை மாற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு அவைதான் தங்கம்.

வைத்திருந்தால் என்ன பயன் என்று ஒரு நிதித்துறை அதிகாரி கேட்டால் நான் இதைச் சொல்வேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும், இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி சரஸ்வதி சுகுமார் மார்பகப் புற்றின் மெத்திலேற்றத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பால்குழாயிலிருந்து எடுத்த திரவத்தில் இருக்கும் செல்களில் மெத்தில் குறிகளைக் காணலாம் என்று அவர் குழு 2001லேயே காட்டியது. 2019ல் அவர்களும் செஃபைட் என்ற சோதனைக் கருவி நிறுவனமும் சேர்ந்து, கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சிய செல்களை ஒரு கார்ட்ரிட்ஜில் விட்டால் சுமார் ஐந்து மணி நேரத்தில் மெத்தில் குறிகளைக் கணக்கிட்டுப் புற்றா இல்லையா என்று பிரித்துக் காட்டும் ஒரு முன்மாதிரியை வெளியிட்டார்கள். நோய்க்குறியியல் மருத்துவர்கள் குறைவாக உள்ள நாடுகளை மனதில் வைத்தே அதை உருவாக்கினார்கள். செஃபைட் கருவி நமக்குப் புதிதல்ல. காசநோய்க்குச் சளி பார்க்கிறோமே, சிபிநாட், அதே குடும்பத்துக் கருவி.

அந்த முன்மாதிரி இன்னும் நம் மருத்துவமனைகளின் அன்றாடச் சோதனையாக வரவில்லை. ஆனால் இப்படி ஒன்று வரும் நாளில், அது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், தலைவாசலில் மரவள்ளி ஆலையில் நிற்கும் பெண்ணுக்கும், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கும் சரியாக விடை சொல்லுமா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? மெத்தில் வயதோடு மாறும். புகையிலையால் மாறும். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் மார்புத் திசுவில் தடம் விடும். இதுவரை உலகம் வைத்திருக்கும் பெரிய மார்பகப் புற்றுத் தரவுத் தொகுப்புகள் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களுடையவை. விடை முன்பே தெரிந்த நம் பிளாக்குகள் இருந்தால் சோதனையைச் சில மாதங்களில் சரிபார்த்துவிடலாம். இல்லாவிட்டால், மறுபடி முதலிலிருந்து பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2025ல் 480 மார்பகப் புற்று நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து எடுத்த மரபணு வரிசைத் தரவுகளைப் பொதுவில் வைத்தது. மனம் நிறைந்து பாராட்டுகிறேன். அது எழுத்துகளைப் படிக்கும் வேலை. எழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் அந்த வகைச் சோதனையில் தெரியாது. அடுத்த படியை எடுத்து வைக்க அங்கே திறமை இருக்கிறது, திசு வங்கியும் இருக்கிறது. சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து ஒழுங்கான பிளாக்குகள் போய்ச் சேருவதற்கான பாதைதான் இல்லை. அதே போல, அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012லிருந்து மாநிலம் முழுவதும் நடக்கிறது. நம் பிளாக் பேரேட்டை அதோடு இணைத்தால், இன்று ‘சாதாரணக் கட்டி’ என்று அனுப்பப்பட்ட பெண்களில் யாருக்குப் பின்னாளில் புற்று வந்தது என்று தெரிந்துவிடும். நாஷ்வில்லில் ஒவ்வொருவராகத் தேடியதை நாம் பதிவேட்டிலேயே பார்த்துவிடலாம். இந்த வசதி எல்லா மாநிலங்களுக்கும் இல்லை.

சம்மதம் பற்றி ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், சிகிச்சைக்காக எடுத்த திசுவை ஆராய்ச்சிக்கு வைத்திருப்பது பற்றித் தெளிவாகச் சொல்கின்றன. சம்மதம் கேட்கும் தாளை அறுவை அரங்கின் வாசலில் நீட்டிக் கைநாட்டு வாங்காதீர்கள். குறிப்பாகச் சேர்வராயன் மலையின் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்திலிருந்து கீழே இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு, மருத்துவமனையில் யாராவது உட்கார்ந்து பேசுவதே அபூர்வம். அவர் சதை ஏன் வேண்டும், யார் பார்ப்பார்கள், பெயர் வெளியே போகாது, வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று அவர் பேசுகிற தமிழில் சொல்லுங்கள். அவர் திசுவிலிருந்து நாளைக்கு ஒரு சோதனை பிறந்தால், அது முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு இலவசமாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மலையிலிருந்து காப்பியும் மிளகும் இறங்குவது போல இதுவும் ஒருவழியாக இறங்கக் கூடாது.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்’ என்ற விளம்பரங்கள் வந்துவிட்டன. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வின் மெத்திலைப் படிப்பதில் உண்மை இருக்கிறது, பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வகையில் பெரிதாகப் பேசப்பட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றின் 2021ஆம் ஆண்டு முடிவுகளின்படி, எல்லா வகைப் புற்றுகளையும் சேர்த்து முதல் நிலையில் அது பிடித்தது 16.8 சதவீதம்தான். ஆரம்ப நிலை மார்பகக் கட்டி ரத்தத்தில் மிகக் குறைவாகவே டி.என்.ஏ. விடுகிறது. இன்னொரு பக்கம், நோயே இல்லாத சில பெண்களின் இயல்பான மார்புத் திசுவிலும் பி16 என்ற மரபணுவில் மெத்தில் இருப்பதை 2003லேயே கண்டிருக்கிறார்கள். ஒரு குறி இருந்தாலே நோய் என்று ஆகாது, இல்லாவிட்டால் நலம் என்றும் ஆகாது. அதனால் முகாம்களில் இப்படிப்பட்ட ரத்தச் சோதனையை விற்க இப்போதைக்கு அனுமதிக்காதீர்கள். ‘ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு வந்திருச்சு’ என்று ஒரு பெண் கட்டியோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

இன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல வழி கைதான். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நான்கு சுற்று, கையால் மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். பரிசோதிக்கப்படாத மற்ற பாதியோடு ஒப்பிட்டால், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் 2022ல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. வந்தவர்களில் பாதி அளவுக்கு இறப்பு என்பது சிகிச்சை இல்லாத நோய்க்கு வரும் கணக்கு இல்லை, தாமதமாக வருவதன் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரிகளுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இந்தக் கைப் பரிசோதனையை நன்றாகப் பழக்கி, ஏற்காட்டு மலைக் கிராமங்கள் வரை அனுப்புங்கள். அவர்கள் கண்டுபிடித்து அனுப்பும் சின்னக் கட்டிகள்தான் நாளைக்கு நம்மிடம் இருக்கப்போகும் ஆரம்ப நிலை பிளாக்குகளும்.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி சேலத்தில் இருக்கிறது. நோய்க்குறியியல் துறை இருக்கிறது, மேற்படிப்பு மாணவர்கள் இருக்கிறார்கள், நெறிமுறைக் குழு கூட்ட முடியும். மாவட்ட பிளாக் காப்பகத்தை அங்கே தொடங்கலாம். குளிரூட்டி வைத்த, பூச்சி புகாத ஓர் அறை, இரும்பு அலமாரி, கணினியில் பேரேடு, அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரப் பணியில் ஒரு நுட்பனர். தனியார் ஆய்வகங்கள் தங்கள் காலக்கெடு முடிந்த மார்பக பிளாக்குகளைக் கழிவுக்கு அனுப்பும் முன் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ஒப்பந்த ஊழியரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் இந்த வேலை நிலைக்காது. யார் எந்த எண்ணை எங்கே வைத்தார் என்பது தெரிந்த ஒரே ஆள் பல ஆண்டுகள் இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற நுட்பனர்கள் சேலத்தில் எத்தனையோ பேர் இருக்கிறோம். பழைய பிளாக்குகளைப் பிரித்து, எண்ணைப் படித்து, இளகிப்போனதை மறுபடி மெழுகில் பதித்து, பேரேட்டில் ஏற்றும் வேலைக்குக் கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம். இந்த நிதியாண்டு முடிவதற்குள் அந்தச் சுற்றறிக்கையை மட்டுமாவது அனுப்பிவிடுங்கள். அறை கட்டி முடியும் வரை கழிவு வண்டி நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு ஆய்வக நுட்பனர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.